312 புத்தகம் படித்தும் கணக்கில் முழித்தேன்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 32. குமுளியில் குடியிருக்கிறேன், கேரளா பக்கம். வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலேஜ் முடித்ததிலிருந்து படிக்கிற பழக்கம் உண்டு. நாவல், வரலாறு, அறிவியல், தன்னம்பிக்கைப் புத்தகம், கையில் கிடைப்பது எல்லாம். நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன், இதுவரை 312. போன மாதம் கடைக்கு 340 கிலோ பச்சைக்காய் வந்தது. காய்ந்தால் எவ்வளவு தேறும் என்று முதலாளி என்னைக் கேட்டார். நான் மொபைலை எடுப்பதற்குள், காய் பொறுக்குகிற அக்கா ஒருவர், சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிறவர், "மழைக்காய், அறுபத்தஞ்சுக்கு மேல தேறாது" என்று சொல்லிவிட்டார். காய்ந்து வந்தபோது 64 கிலோ சொச்சம். முதலாளி எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே "இத்ர வாயிச்சிட்டு எந்தா காரியம்" (இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்) என்றார். அன்றிலிருந்து புத்தகத்தைத் தொட மனம் வரவில்லை. நிறையப் படித்தால் புத்தி கூடுமா, கூடாதா? "நுண்ணிய நூல்பல கற்பினும் மற்றுந்தன் உண்மை யறிவே மிகும்" என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் எல்லாம் பிறவியில் வந்ததுதானா? வேகமாகப் படிக்கச் சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேரலாமா என்றும் யோசனை. மகளுக்கு 6 வயது, மலையாளப் பள்ளியில் படிக்கிறாள். அவளுக்காவது இந்தப் பழக்கம் பிரயோஜனப்படுமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் நான் செய்த முதல் காரியம் 340ஐ 5ஆல் வகுத்ததுதான். 68 வந்தது. அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ என்பது உங்கள் மலையில் எல்லோரும் வைத்திருக்கிற தோராயக் கணக்கு. கம்பத்தில் உளவியல் ஆலோசனைக்கு என்னிடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற தோட்டத்துக்காரர்கள் பேசக் கேட்டு எனக்கே அது தெரியும். மழையில் பறித்தது என்றால் தண்ணீர் கூடுதல், தேறுவது குறைவு. ஆக அந்த அக்கா 68ல் மூன்றைக் கழித்தார், அவ்வளவுதான். ஆனால் பத்தைக் கழிக்காமல் மூன்றைக் கழித்தார் பாருங்கள், அது வருடக்கணக்காகக் காயை அள்ளிய கைக்குத்தான் வரும்.

நீங்கள் முழித்ததற்கும் உங்கள் 312 புத்தகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லித் தேற்றிவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் சம்பந்தம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

படித்தால் புத்தி கூடுமா? கூடும். எந்தப் புத்தி, எவ்வளவு, எப்படிப் படித்தால் என்பதில்தான் வழக்கு.

நம் ஊர்ப் பேச்சில் இரண்டு வார்த்தை இருக்கிறது. "பிள்ளை சூட்டிகையா இருக்கான்" என்போம். பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது "விவரமான ஆளு" என்போம். ஆறு வயதுப் பையனை யாரும் விவரமான ஆள் என்பதில்லை, அறுபது வயதுக்காரரைச் சூட்டிகை என்பதும் இல்லை. ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் 1940களில் புத்தியை இரண்டாகப் பிரித்துச் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். முன்பின் பார்க்காத சிக்கலை அந்த நிமிடத்தில் அவிழ்க்கிற திறமை ஒன்று, அதாவது சூட்டிகை. வாழ்ந்தும் கேட்டும் படித்தும் சேர்த்து வைத்திருப்பதை எடுத்துப் பயன்படுத்துகிற திறமை இன்னொன்று, அதாவது விவரம். சூட்டிகை இளவயதில் உச்சத்துக்குப் போய் அப்புறம் மெல்ல இறங்கும். விவரம் ஐம்பது அறுபது வயது வரைகூட ஏறிக்கொண்டே போகும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், புதுப் போன் வாங்கினால் அதைப் பழக்கித் தர என் மகன் வேண்டும், ஆனால் ஒரு தகப்பன் கதவைத் திறந்து உள்ளே வருகிற விதத்திலேயே வீட்டில் என்ன தகராறு என்று பாதி ஊகித்துவிடுவேன்.

படிப்பு அதிகமாகத் தீனி போடுவது விவரத்துக்கு. இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் பெரிய சண்டை கிடையாது. 1988ல் அமெரிக்காவில் இரண்டு பேர் உட்கார்ந்து வார்த்தைகளை எண்ணினார்கள், அரிய சொற்கள் எங்கே அதிகம் வருகின்றன என்று. கல்லூரி படித்த பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஆயிரம் சொல்லுக்குச் சுமார் 17 அரிய சொற்கள். சின்னப் பிள்ளைகள் படிக்கிற கதைப் புத்தகத்தில் சுமார் 31. பிள்ளைகள் புத்தகம் பட்டதாரிகளின் பேச்சை முந்திவிட்டது. அது இங்கிலீஷுக்குப் போட்ட கணக்கு, எண்ணை அப்படியே தமிழுக்குத் தூக்கிவர முடியாது. ஆனால் நீங்கள் ஏறுகிற ஜீப்பிலோ பஸ்ஸிலோ காது கொடுத்துப் பாருங்கள். "அனுமானம்", "முரண்பாடு", "தற்செயல்" எல்லாம் அங்கே யார் வாயிலாவது வருகிறதா? "தற்செயல்" என்று ஒரு சொல் கையில் இருக்கிறவனுக்கு, ஏலத்தில் இரண்டு வாரம் விலை ஏறியதும் இனி ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று நம்புகிற ஆளைப் பார்த்து ஒரு சந்தேகம் வரும். சொல் இல்லாதவனுக்கும் சந்தேகம் வரலாம், ஆனால் அதைப் பிடித்து நிறுத்தி வைக்க ஒரு கைப்பிடி இருக்காது.

சரி, சூட்டிகை? அது கூடுமா என்பதில்தான் நான் ரொம்ப நாள் சந்தேகப் பேர்வழியாக இருந்தேன். புத்தியுள்ள பிள்ளை படிக்கிறது, அதைப் பார்த்து நாம் படித்ததால் புத்தி வந்தது என்கிறோம், காரணத்தையும் விளைவையும் தலைகீழாக மாட்டிவிட்டோம் என்று வாதாடுவேன். 2015ல் பிரிட்டனில் வந்த ஒரு ஆய்வு என் வாயை ஓரளவு மூடியது. ஒரே மாதிரி இரட்டையர்கள் 1,890 ஜோடி. ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா. 7 வயதிலிருந்து 16 வரை ஐந்து தடவை சோதித்தார்கள். ஜோடியில் எந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதில் வாசிப்பு நன்றாகக் கைவந்திருந்ததோ, அந்தப் பிள்ளை பிற்காலத்தில் புத்திச் சோதனையிலும் கொஞ்சம் முன்னால் நின்றது. வார்த்தைச் சோதனையில் மட்டும் இல்லை, வார்த்தையே இல்லாத படச் சோதனையிலும். "கொஞ்சம்" என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். அவர்கள் அளந்தது பிள்ளை எவ்வளவு நன்றாக வாசிக்கிறது என்பதை, எத்தனை புத்தகம் முடித்தது என்பதை அல்ல. பெரியவர்களுக்கும் இதே கதைதான் என்று அதை வைத்துச் சொல்லவும் முடியாது.

பெரியவர்கள் என்றதும் நினைவுக்கு வருவது 2017ல் வெளியான இன்னொரு ஆய்வு. லக்னோ பக்கத்துக் கிராமங்களில் எழுத்தே தெரியாத பெண்கள், முப்பதை ஒட்டிய வயது. ஆறு மாதம் இந்தி எழுத்து சொல்லிக் கொடுத்துவிட்டு, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மேல்பகுதியில் மட்டும் இல்லாமல் மூளைத்தண்டு வரைக்கும் மாற்றம் தெரிந்தது. அதனால் அவர்கள் புத்திசாலி ஆகிவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை, ஆனால் முப்பது வயதுக்கு மேல் மூளை கெட்டித்துப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்களுக்கு 32தான்.

நாவல் படித்தால் அடுத்தவர் மனசு புரியும் என்று 2013ல் ஒரு ஆய்வு வந்து பத்திரிகையெல்லாம் கொண்டாடியது. மூன்று வருடம் கழித்து வேறு சிலர் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நாவலை நாவலுக்காகப் படியுங்கள்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த கதை. 1930களின் தொடக்கத்தில் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் உஸ்பெகிஸ்தான் பக்கம் போய் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளிடம் ஒரு கேள்வி கேட்டார். தூர வடக்கே பனி கிடக்கிற இடத்தில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா தூர வடக்கே இருக்கிறது, அங்கே எப்போதும் பனி. அங்கே கரடி என்ன நிறம்? பலரும் சொன்ன பதிலின் சாரம், நான் அங்கே போனதில்லை, பார்க்காததை எப்படிச் சொல்ல என்பதுதான். கொஞ்சம் பள்ளிக்கூடம் போனவர்கள் சட்டென்று வெள்ளை என்றார்கள். ஆகா, எழுத்து வந்தால் சிந்தனை முறையே மாறிவிடுகிறது என்று லூரியா முடிவு கட்டினார். (என் பாட்டியைக் கேட்டிருந்தாலும் "நான் கண்டேனா கரடிய" என்றுதான் சொல்லியிருப்பாள். அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற நாணயம் அது.)

அப்புறம் 1970களில் ஸில்வியா ஸ்க்ரிப்னர், மைக்கேல் கோல் என்று இரண்டு பேர் ஆப்பிரிக்காவில் லைபீரியாவுக்குப் போனார்கள். அங்கே வாய் (Vai) என்ற மக்களுக்குச் சொந்தமாக ஒரு எழுத்து உண்டு, 19ஆம் நூற்றாண்டில் அவர்களே உருவாக்கிக்கொண்டது. அதைப் பள்ளியில் சொல்லித் தருவதில்லை, வீட்டிலும் நண்பர்களிடமும் கற்றுக்கொள்கிறார்கள், கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் பயன்படுத்துகிறார்கள். எழுத்து வேறு, பள்ளிக்கூடம் வேறு என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பார்த்தார்கள். எழுத்து மட்டும் தெரிந்தவர்களுக்கும் எழுத்தே தெரியாதவர்களுக்கும் பொதுவான தர்க்கத் திறமையில் பெரிய வித்தியாசம் இல்லை. கரடிக் கேள்வி மாதிரியானவற்றில் வித்தியாசம் காட்டியது பள்ளிக்கூடம்தான், ஏன் என்று கேட்டுக் கேட்டு விளக்கம் சொல்ல வைக்கிற அந்தப் பழக்கம். எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் எதில் முன்னால் நின்றார்கள் என்றால், அவர்கள் அந்த எழுத்தை எதற்குப் பயன்படுத்தினார்களோ அதில். கடிதம் எழுதிப் பழகியவர்கள், எதிரில் இல்லாத ஆளுக்கு ஒரு விஷயத்தைப் புரியும்படி விளக்குவதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள்.

இதைத்தான் தம்பி, உங்கள் நோட்டுப் பட்டியலைப் பற்றிப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். 312 புத்தகத்தை நீங்கள் எதற்குப் பயன்படுத்தினீர்கள்? கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பட்டியல் போட்டீர்கள் என்று இருக்கிறது. யாரிடமாவது அதைப் பற்றிப் பேசியதாக, சண்டை போட்டதாக, படித்ததை வைத்து ஒரு காரியம் செய்து பார்த்ததாக ஒரு வரி இல்லை. நான் முதலில் சொன்ன "கொஞ்சம் சம்பந்தம்" இதுதான். குமுளி செக்போஸ்ட்டில் லோடு லாரி போகிற மாதிரி புத்தகங்கள் உங்கள் வழியாகப் போயிருக்கின்றன, ரசீதில் எண் ஏறியிருக்கிறது, சரக்கு இறங்கவில்லை. எல்லாம் அப்படி என்று சொல்லவில்லை. பாதியாவது அப்படி இருக்கும்.

நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் அலமாரி நிறையப் புத்தகம் படித்த தைரியத்தோடு உட்கார்ந்திருந்தேன். பீர்மேடு பக்கம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து ஒரு அம்மா, கொழுந்து பறிக்கிறவர், ஒன்பது வயதுப் பையனைக் கூட்டி வந்தார். ஏற்கெனவே ஓரிடத்தில் சோதித்து, பையனுக்குப் புத்தி மட்டு என்று எழுதிக் கொடுத்த தாளும் கையில் இருந்தது. நானும் வார்த்தைச் சோதனையை எடுத்துப் போட்டேன். பையன் பாதிக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. தாளில் இருந்த எண்ணும் என் எண்ணும் ஒத்துப்போனதில் எனக்கு ஒரு திருப்தி வேறு. அந்த அம்மா கிளம்பும்போது, "மலையாளத்துல கேட்டாலும் முழிக்கிறான், நீங்க பேசற தமிழ்ல கேட்டாலும் முழிக்கிறான்" என்றார். அப்போதுதான் உறைத்தது. லயத்தில் பேசுகிற தமிழ் ஒன்று, பள்ளியில் மலையாளம், நான் கேட்டதோ புத்தகத் தமிழ். அந்த வீட்டில் அச்சடித்த காகிதம் என்றால் மளிகைப் பொட்டலம் மட்டும்தான். திரும்ப உட்கார வைத்து ரேவனின் படச் சோதனையைக் கொடுத்தேன். 1930களில் வந்தது, சொல்லே கிடையாது, ஒரு கோலத்தில் விட்டுப்போன துண்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். வயதுக்கு மேலேயே செய்தான். சூட்டிகைக்கு ஒரு குறையும் இல்லை, விவரம் சேர வழி இல்லாமல் போயிருந்தது. சோதிக்கிற மொழியில் சறுக்கல் வரும் என்று நான் படித்த புத்தகங்களிலேயே எழுதியிருந்தது, பரீட்சையில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியும் இருந்தேன். நேரில் பையன் வந்து உட்கார்ந்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தப் பையன் பிறகு என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார்கள்.

படித்தது தேவைப்படும்போது ஏன் வருவதில்லை என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. 2006ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதை நாலு முறை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை தாளை மூடி நினைவிலிருந்து எழுதியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், நாலு முறை படித்தவர்களுக்கு 40 சதவீதம் ஞாபகம் இருந்தது, மூடி வைத்து எழுதியவர்களுக்கு 61. வேடிக்கை என்னவென்றால், நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது முதல் கூட்டம்தான். கண் பழகியதை மனசு அறிந்ததாக எடுத்துக்கொள்கிறது. 2002ல் வேறு இருவர் இன்னும் குறும்பான ஒன்று செய்தார்கள். ஜிப், பூட்டு, கழிப்பறை ஃபிளஷ் இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா என்று சிலரிடம் கேட்டுத் தங்களுக்குத் தாங்களே மார்க் போடச் சொன்னார்கள். அப்புறம், சரி, படிப்படியாக எழுது என்றார்கள். எழுத ஆரம்பித்ததும் மார்க்கை அவர்களே குறைத்துக்கொண்டார்கள். நீங்களும் பாருங்கள், கடையில் தினம் டிரையரைப் பார்க்கிறீர்கள். சூடு கூடினால் காயின் பச்சை ஏன் போகிறது, வேகமாகக் காயவைத்தால் என்ன கெடும், ஒரு தாளில் பத்து வரி எழுதுங்கள். மூன்றாவது வரியில் பேனா நிற்கும். நிற்கிற அந்த இடத்தில் இருந்து ஒரு புத்தகத்தைத் தேடினால் அந்தப் புத்தகம் தங்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த 312ல் ஏலக்காயைப் பற்றி எத்தனை? பருவமழை, சந்தை, மண், கூலி, எதைப் பற்றியாவது? 1988ல் பேஸ்பால் விளையாட்டை வைத்து 64 பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு ஆட்டத்தை விவரிக்கிற பத்தியைப் படித்துவிட்டு, மரப் பொம்மைகளை நகர்த்தி அதை நடித்துக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைத் தோற்கடித்தார்கள். உங்கள் கடையில் நடந்ததும் அதுதானே. அந்த அக்காவுக்கு ஆட்டம் தெரியும். நீங்கள் பதவுரை தெரிந்தவர்.

குறளுக்கு வருகிறேன். நீங்கள் சொன்னது ஊழ் அதிகாரத்தில் இருப்பது. எதற்காக நிற்கிற அதிகாரமோ அதைத்தானே அங்கே பேசுவார். அதே மனிதர் கல்வி அதிகாரத்தில் "தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு" என்கிறார். கோடையில் முல்லைப் பெரியாறு வற்றிக் கிடக்கும்போது மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இந்தக் குறளுக்கு உரை தேவையில்லை. முழங்கால் ஆழத்துக்குப் பத்து இடத்தில் பள்ளம் போட்டால் கால் வலிதான் மிச்சம், ஒரே இடத்தில் இடுப்பளவு போனால் சுரக்கும். தொட்ட அளவுக்கு ஊறும் என்கிறார், தொட்ட இடங்களின் எண்ணிக்கைக்கு என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கே இதில் ஒரு மறுப்பும் உண்டு. ஈரம் எங்கே என்று தெரிய நாலு இடத்தில் கீறிப் பார்க்கத்தான் வேண்டும். உங்கள் பன்னிரண்டு வருடப் பரந்த படிப்பை நான் வீண் என்று சொல்லமாட்டேன், கீறிப் பார்த்தாகிவிட்டது, இனி எங்கே தோண்டப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நீங்கள் இருக்கிற பக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது, எங்கள் பக்கத்தில் அது குறைவு. பி.என். பணிக்கர் 1945ல் 47 கிராம நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூரில் ஒரு நூலகச் சங்கம் தொடங்கினார். அவர் இறந்த ஜூன் 19ஐத்தான் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள், உங்கள் மகளும் பள்ளியில் கொண்டாடியிருப்பாள். "வாயிச்சு வளருக" (படித்து வளருங்கள்) என்ற கோஷம் சுவரெல்லாம் இருக்கும். அதற்கு "சிந்திச்சு விவேகம் நேடுக" (சிந்தித்து விவேகம் பெறுங்கள்) என்று இரண்டாவது வரி ஒன்று உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த ஊர் வாசகசாலைகளில் எனக்குப் பொறாமையாக இருப்பது அலமாரிகளைப் பார்த்து இல்லை. சாயங்காலம் பேப்பரைப் படித்துவிட்டு, டீக்கடை வரைக்கும் போய்ச் சண்டை போடுகிறார்களே, அதைப் பார்த்து. உங்கள் மலையாளம் கடைக் கணக்குக்குப் போதும் என்றால் அந்தச் சண்டைக்கும் போதும். தமிழ்ப் புத்தகம் அங்கே குறைவாகத்தான் கிடைக்கும், அதற்குக் கம்பம் கிளை நூலகம் இருக்கிறது, கீழே இறங்கி வந்தால் போதும்.

வேக வாசிப்பு வகுப்பு வேண்டாம். 2016ல் வாசிப்பு ஆராய்ச்சியில் பெரிய கைகள் சேர்ந்து இதைத் தீர அலசிவிட்டார்கள். வேகம் கூடினால் புரிதல் குறையும், இரண்டையும் ஒன்றாகக் கூட்டுகிற வித்தை இல்லை. உங்களுக்கு வேகம் குறைவு என்று யார் சொன்னது? அந்தப் பணத்துக்கு மகளுக்குப் படப் புத்தகம் வாங்குங்கள்.

அவளைப் பற்றித்தான் எனக்குக் கவலையே இல்லை, ஆனாலும் இரண்டு விஷயம் சொல்கிறேன். மலையாள எழுத்து பள்ளியில் வந்துவிடும், அதற்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டாம். வீட்டில் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், அவள் எந்த மொழியில் கேள்வி கேட்கிறாளோ அந்த மொழியிலேயே பதில் சொல்லுங்கள், கலந்து கேட்டால் கலந்தே சொல்லுங்கள். ஒன்றும் கெட்டுப்போகாது. வாசித்துக் காட்டும்போது நடுநடுவே நிறுத்தி, "இந்த நரி ஏன் இப்படிச் செய்யுது", "அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிற" என்று கேளுங்கள். 1988ல் அமெரிக்காவில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இப்படி நிறுத்திக் கேட்கிற முறையை மட்டும் பழக்கினார்கள். மற்ற பெற்றோர் வழக்கம்போல வாசித்துக் காட்டினார்கள். ஒரே மாதத்தில் முதல் கூட்டத்துப் பிள்ளைகள் பேச்சில் தெளிவாக முந்திவிட்டார்கள். படித்த புத்தகங்களை எண்ணி அவளுக்கு ஒரு நோட்டுப் போடாதீர்கள், அது உங்கள் வியாதி.

முதலாளி சொன்னதை மறக்க முடியாது, தெரியும். எல்லோர் முன்னாலும் சொன்னது முள்ளாகக் குத்தும். அவரிடம் போய் எதுவும் நிரூபிக்கக் கிளம்ப வேண்டாம். கேள்வி கேட்ட மாத்திரத்தில் உங்கள் கை மொபைலுக்குப் போனது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை, கணக்குப்பிள்ளைக்கு அது நல்ல பழக்கமும்கூட. எண்ணைத் தட்டுவதற்கு முன்னால் மனசுக்குள் ஒரு தோராயம் போட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

புத்தகத்தைத் தொட மனம் வரவில்லை என்கிறீர்கள். ஒரு மாதம் தொடாதீர்கள், பரவாயில்லை. அந்த மாதத்தில் மத்தியானச் சோற்று நேரத்தில் அந்த அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். மழைக்காயை எப்படிக் கண்டுபிடிக்கிறார், கையில் எடுத்ததும் தெரிகிறதா, தோலைப் பார்த்தா, கனத்தை வைத்தா, எந்த மாதத்துக் காய்க்கு எவ்வளவு கழிப்பார், அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது. சொன்னதை வீட்டுக்கு வந்து, பட்டியல் போட்ட அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுங்கள். அவர் முதலில் "அதெல்லாம் என்னமோ தெரியும் தம்பி" என்றுதான் சொல்வார், விடாதீர்கள். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். 68ல் மூன்றை எப்படிக் கழித்தார் என்று நான் மேலே எழுதியது என் ஊகம்தான், அது சரிதானா என்று அவரிடமே கேட்டுச் சொல்ல வேண்டும்.